சுழல்காற்று அடித்த ஊருக்கு உதவப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்தில் எதை முதலில் செய்வது

சுழல்காற்று அடித்துப் போன ஊருக்கு உதவ வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. கத்தி, மண்வெட்டி, சாப்பாட்டுப் பார்சல் எல்லாவற்றோடும் வந்துவிடுகிறார்கள். எதை முதலில் செய்வது, எதில் கை வைக்கவே கூடாது, எந்தக் கடதாசியை யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வலிகாமத்தில் எங்கள் ஊரில் காற்றடித்த பிறகு இதையெல்லாம் ஆளாளுக்குக் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அடுத்த ஊர்க்காரருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

2008 இல் வந்த நிஷா, 2020 இல் வந்த புரேவி மாதிரிப் பெரும்புயல் என்றால் மாவட்டம் முழுவதும் அடிபடும். பாடசாலைகளில் முகாம் திறப்பார்கள், லொறியில் நிவாரணம் வரும். பத்திரிகைகள் மினி சூறாவளி என்று எழுதுகிற சுழல்காற்று வேறு மாதிரி. இடிமேகத்திலிருந்து இறங்கிச் சில நிமிடம் சுழற்றி அடித்துவிட்டுப் போய்விடும். ஓர் ஒழுங்கையில் ஓடு, சீற்று, மதில் எல்லாம் போயிருக்கும். அடுத்த ஒழுங்கையில் முருங்கைக் கொப்புக்கூட முறிந்திருக்காது. பாதிப்பு இப்படி ஒடுங்கலாக இருப்பதால் வெளியிலிருந்து பெரிய உதவி வருவது அபூர்வம். பக்கத்து ஒழுங்கைக்காரரும் சனசமூக நிலையத்துப் பெடியளும்தான் எல்லாம்.

நீளமான கட்டுரை. ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: முதலில் படம், அடுத்தது பதிவு, அதற்குப் பிறகுதான் துப்புரவு. உயிராபத்து மட்டும் இந்த ஒழுங்குக்குக் காத்திருக்கக் கூடாது. ஒழுகுகிற கூரையைப் படம் எடுத்ததும், பதிவுக்குக் காத்திராமல் மூடிவிடலாம்.

1. தனியாகப் போகாதீர்கள், சொல்லாமல் போகாதீர்கள்

முதலில் அந்த ஊரின் சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம் மூன்றில் எது இயங்குகிறது என்று விசாரியுங்கள். யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒரே வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு விதானைமாருக்கு (கிராம அலுவலரை ஊரில் இப்படித்தான் சொல்வோம்) உரியதாக இருப்பது இங்கே சாதாரணம். எந்த வீடு எந்தப் பிரிவு என்று ஊர்ச் சங்கக்காரருக்குத்தான் சரியாகத் தெரியும். பிரிவின் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை (ஜே/ என்று தொடங்கும்) முதல் நாளே குறித்து வையுங்கள். எல்லாப் படிவத்திலும் கேட்பார்கள்.

வருகிறவர்களின் பெயர், போன் இலக்கம், வீட்டில் தொடர்புகொள்ள ஒருவரின் இலக்கம், இரத்த வகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியின் ஒரு பிரதியை விதானையாரிடம் கொடுத்தால், நீங்கள் யார் என்ற கேள்வி ஒவ்வொரு படலையிலும் எழாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூரையிலும் மரம் வெட்டும் இடத்திலும் விடாதீர்கள். பெயர் எழுதுவது, தண்ணீர் கொடுப்பது, சாமான் பிரிப்பது என்று அவர்களுக்கு வேறு வேலை தாராளமாக உண்டு.

கையில் இருக்கவேண்டிய இலக்கங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்சாரத் தடையும் அறுந்த வயரும் 1987.

2. முதல் மணித்தியாலங்களில் கை வைக்கக் கூடாதவை

அறுந்து தொங்கும் வயர். ஊரே இருட்டாக இருந்தாலும் அதில் மின்சாரம் இல்லை என்று நம்பாதீர்கள். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேற்றரைச் சரியாகப் பிரிக்காமல் இயக்கினாலே லைனுக்குள் மின்சாரம் திரும்பி வரும். 1987 க்கு அறிவித்துவிட்டு, வயருக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி வழியை மறியுங்கள். வேலியில் வயர் விழுந்திருந்தால் முள்ளுக்கம்பி முழுவதுமே ஆபத்து.

சூரியத் தகடு. இப்போது நிறையக் கூரைகளில் இருக்கிறது. மெயின் சுவிச்சை நிறுத்தினாலும் பகல் வெளிச்சத்தில் தகட்டிலிருந்து மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். உடைந்த தகட்டை, பொருத்திய ஆட்களைக் கூப்பிட்டே கழற்றச் செய்யுங்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தின் குழி. அடிமரத்தை அறுத்ததும் பாரம் குறைந்து, வேர்க்கட்டை படாரென்று பழைய இடத்துக்கு நிமிரும். குழிக்குள் நிற்கிற பிள்ளையோ நாயோ தப்பாது. வலிகாமம் வடக்கு, தென்மராட்சியின் கிழக்குப் பக்கம் மாதிரி யுத்தம் நடந்த இடங்களில் இன்னுமோர் ஆபத்து உண்டு. வேரோடு கிளம்பிய மண்ணில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தால் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்காதீர்கள். அடையாளமாக ஒரு தடியில் துணி கட்டி நட்டுவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பி வந்து 119 க்குச் சொல்லுங்கள்.

ஓட்டுக் குவியலும் விறகுக் குவியலும் புடையன், சுருட்டை மாதிரி விஷப் பாம்புகளுக்கு உடனே வீடாகிவிடும். வெறுங்கையால் கிளறாமல் அலவாங்கால் புரட்டிப் பாருங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாமல் வைத்துக்கொண்டு 1990 ஐ அழையுங்கள்.

3. கூட்டும் முன் படம்

இந்த இடத்தில்தான் நல்ல மனதோடு வந்தவர்களே அந்தக் குடும்பத்துக்கு நட்டம் உண்டாக்கிவிடுகிறார்கள். இருபது பேர் சேர்ந்து சிரமதானம் என்றால் ஒரு வளவு அரை நாளில் பளிச்சென்று ஆகிவிடும். உடைந்த ஓடு பள்ளத்துக்குள் போய்விடும், நனைந்த மெத்தை எரிந்துவிடும். பிறகு சேதம் மதிப்பிட வருகிற உத்தியோகத்தர் காண்பது கூட்டிய முற்றத்தையும் நீலத் தறப்பாளையும்தான். "எத்தனை ஓடு போனது?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

வீட்டுக்காரரும் அவசரப்படுவார்கள். நாலு பேர் வந்து போகிற வீடு அலங்கோலமாகக் கிடக்கிறதே என்று எங்கள் ஊரில் ஒரு வயதான அம்மா விடியும் முன்னரே விளக்குமாறோடு நின்றார். "அம்மா, ஓட்டை இப்ப கூட்டாதேங்கோ. படம் எடுத்திட்டு நாங்களே கூட்டித் தாறம்" என்று சொல்லி, கதிரை ஒன்றைப் போட்டு இருத்த வேண்டியிருந்தது. கூட்டுவது அவருக்கு ஓர் ஆறுதல் என்று தெரியும். அதனால் அடுப்படியை மட்டும் முதலில் படம் எடுத்து அவரிடம் விட்டுவிட்டோம்.

படம் எடுக்கும் ஒழுங்கு இது. முதல் படம் படலைக்கு வெளியில் நின்று, வீட்டு இலக்கமோ பக்கத்துக் கோயிலோ தெரியும்படி. பிறகு வீட்டின் நாலு பக்கமும். பிறகு ஒவ்வோர் அறைக்குள்ளும் நின்று மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று. முறிந்த தீராந்தி, கைமரம், வெடித்த சுவர் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் எடுங்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையோ பேனையையோ வைத்தால் அளவு தெரியும். கடைசியில் பொருட்கள்: குளிர்சாதனப் பெட்டி, தையல் மெசின், பாடப் புத்தகம், தண்ணீர்ப் பம்பி. போனில் திகதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அன்று இரவே எல்லாப் படத்தையும் அந்த வீட்டாரின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் தெளிவு குறைந்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். வீட்டாரைக் கேட்காமல் முகநூலில் ஒரு படமும் போடாதீர்கள். நனைந்த உடுப்போடு நிற்கிற பெண்ணின் படத்தைக் காட்டித்தான் காசு சேர்க்க முடியும் என்றால் அந்தக் காசு வேண்டாம்.

படம் எடுத்த பிறகும் உடைந்த ஓடு, முறிந்த மரம், கிழிந்த தகரம் எல்லாவற்றையும் வளவின் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். மதிப்பீடு முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.

4. பதிவும் கடதாசிகளும்

சேதத்தை முதலில் பதிகிறவர் கிராம அலுவலர். அவருடைய பட்டியல் பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்தில் உள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குப் போகும். வீடு சேதம் என்றால் பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று மதிப்பிடுவார். பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண சேவைகளுக்கு என்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார். எந்தச் சேதத்துக்கு இப்போது எவ்வளவு, எந்தப் படிவம், கடைசித் திகதி எது என்பதை அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள். தொகைகள் சுற்றறிக்கையோடு மாறும். போன வருடம் இன்னார் இவ்வளவு எடுத்தார் என்ற கதையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பதிவதற்குக் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். நிரப்பிக் கொடுப்பது தொண்டர்களின் வேலை. எழுத்து நல்லாக உள்ள இரண்டு பேரை அதற்கென்றே இருத்துங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோவை போடுங்கள். உள்ளே: அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி, அச்செடுத்த படங்கள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சேத விபரம். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. கொடுக்கும்போது வீட்டுப் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். பிற்பாடு ஏதும் இழுபறி என்றால் அந்த முத்திரைதான் பேசும்.

சிக்கல் எங்கே வருகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப இதே இடங்களில்தான் வருகிறது.

சீதன வீடு. உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். படிவத்தைக் கணவர் தன் பெயரில் நிரப்பியிருப்பார். வங்கிப் புத்தகமும் அவருடையதே. அதோடு மனைவியின் அடையாள அட்டை கலியாணத்துக்கு முன் எடுத்தது என்றால் அதில் தகப்பனின் பெயர், வேறோர் இடத்தில் கணவனின் பெயர். இந்த மூன்றும் பொருந்தாமல் கோவை திரும்பி வரும். உறுதியில் யார் பெயரோ அவர் பெயரிலேயே படிவத்தை நிரப்புங்கள், அவருடைய வங்கிக் கணக்கையே கொடுங்கள், திருமணச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ, வீட்டில் இருப்பது பெரியம்மா. வீட்டுச் சேதமும் பெரியம்மாவின் தளபாடச் சேதமும் இரண்டு வெவ்வேறு விடயம். பெரியம்மா தன்னுடைய பொருட்களைத் தன் பெயரில் பதியலாம். வீட்டைப் பொறுத்தவரை உரிமையாளரின் கடிதமோ அற்றோணித் தத்துவமோ (அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கேட்பார்கள். தொலைபேசியில் அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள், கடிதம் வந்துசேர நாட்கள் எடுக்கும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

கோயில் காணியிலும் பிறர் காணியிலும் குடியிருப்பவர்கள். உறுதி இல்லை என்றால் பதியவே முடியாது என்று அவர்களே முடிவு கட்டி வராமல் இருந்துவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். நெடுநாள் வசிப்பை விதானையார் உறுதிப்படுத்தலாம். வாக்காளர் பட்டியல், மின்கட்டணப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் எல்லாம் துணைக்கு உதவும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் போடும்போது சில ஒழுங்கைகளைச் சாதி பார்த்துக் கடைசிக்குத் தள்ளுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. காற்று போன கோட்டை வரைபடத்தில் கீறி, அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் வரிசையாகப் போங்கள். யாருடைய தெரிவும் அதில் இருக்கக் கூடாது.

கடதாசியே பறந்துபோய்விட்டது என்றால் முதலில் பொலிசில் முறைப்பாடு. அந்த முறைப்பாட்டுப் பிரதியைக் கொண்டு விதானையார் வழியாகப் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் புதிய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். உறுதி என்றால் எழுதிய நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்திலும் பிரதி இருக்கும். நனைந்த உறுதியை வெயிலில் போடாதீர்கள், மை ஓடிவிடும். தாள்களைப் பிரித்து நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

வாழைத் தோட்டம் படுத்திருந்தால் கமநல சேவை நிலையத்திலும், படகோ வலையோ போயிருந்தால் கடற்றொழிலாளர் சங்கம் வழியாகக் கடற்றொழில் திணைக்களத்திலும் தனியாகப் பதிய வேண்டும். விதானையாரின் பட்டியலில் பெயர் இருப்பது இதற்குப் போதாது. ஓட்டோவின் மேல் மரம் விழுந்திருந்தால், அதை நகர்த்தும் முன் காப்புறுதிக் கம்பனிக்கு அழைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

5. கூரை: இருட்டும் முன் தறப்பாள்

இந்தக் காற்று பெரும்பாலும் பங்குனி சித்திரை இடிமழைக் காலத்திலோ, ஐப்பசியில் மாரி தொடங்கும் நேரத்திலோ வரும். ஐப்பசி என்றால் அடுத்த மழை அன்று பின்னேரமே வரலாம். சுவர் நனைந்து ஊறினால் மறுபடி பூச வேண்டிவரும், அந்தச் செலவு ஓட்டுச் செலவையும் தாண்டும். ஆகவே படம் எடுத்து முடிந்த வீட்டுக்கு முதல் வேலை தறப்பாள்.

பலர் ஓட்டை உள்ள இடத்தை மட்டும் மூடுவார்கள். அது பலிக்காது, மேலிருந்து வழிகிற தண்ணீர் தறப்பாளுக்கு அடியால் உள்ளே போகும். தறப்பாள் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இரண்டடியாவது இறங்கவேண்டும். தறப்பாளின் ஓரத்தில் உள்ள கண்களில் (துளைகளில்) கயிற்றை மட்டும் கட்டினால் அடுத்த காற்றில் கண் கிழியும். ஓரத்தை ஒரு சலாகையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சலாகையோடு சேர்த்துக் கைமரத்தில் ஆணி அடியுங்கள். ஆணி அடிக்க முடியாத இடத்தில் உரப்பையில் அரைவாசி மணல் போட்டு, இரண்டு பையைக் கயிற்றால் இணைத்து, முகட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். கல் வைக்கவே வேண்டாம், உருண்டு தலையில் விழும். இரண்டு தறப்பாள் ஒன்றின் மேல் ஒன்று வருமானால் மேல் விளிம்பு வடகிழக்கைப் பார்க்காமல் இருக்கட்டும். மாரி மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும்.

கூரையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஏணியை ஒருவர் பிடித்தே நிற்க வேண்டும். இடி கேட்டால் இறங்குங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றின் மேல் கால் வைக்காதீர்கள். கைமரத்துக்கு மேலாகப் பலகை போட்டு அதில் நகருங்கள்.

நிரந்தரத் திருத்தத்துக்கு ஓடு கணக்கிட ஒரு கைக்கணக்கு: 100 சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 140 முதல் 150 ஓடு. முகட்டு ஓடு தனி. உடையாமல் விழுந்த பழைய ஓடுகளைத் தேய்த்துக் கழுவி அடுக்கினால் வாங்குவது பெருமளவு குறையும். இது பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. அளவு வித்தியாசமான ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டாது என்பதால், கடைக்குப் போகும்போது ஒரு பழைய ஓட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

6. மரம்

வீதிக்குக் குறுக்கே விழுந்ததை முதலில் அறுத்து அம்புலன்ஸ் போகும் அளவுக்கு வழி விடுங்கள். வீட்டின் மேல் சாய்ந்ததைத் தொழில் தெரிந்தவர் இல்லாமல் தொடவேண்டாம். பாரம் மாறினால் சுவரும் சேர்ந்து வரும். செயின்சோ பதிவு உள்ளதா, இயக்குபவருக்குத் தொழில் தெரியுமா என்று கேட்டுவிட்டே வேலைக்கு விடுங்கள்.

விழுந்த மரம் யாருடையது? வளவுக்காரருடையது. தொண்டர்கள் விறகாகக்கூட எடுத்துப்போகக் கூடாது. பனை, பலா மாதிரி மரங்களைத் தறிக்கவும் அறுத்த மரத்தை வாகனத்தில் ஏற்றிச் செல்லவும் அனுமதி தேவைப்படும். காற்றில் விழுந்தது என்று விதானையாரின் கடிதம் இல்லாமல் உழவு இயந்திரத்தில் பனங்குற்றி ஏற்றினால் வழியில் பொலிஸ் மறிக்கும். அரைகுறையாகச் சாய்ந்து நிற்கிற பனையையும் தறிக்க முன் அதே அனுமதியைக் கேளுங்கள். இந்தச் சாட்டில் நல்ல பனையையும் சேர்த்துத் தறிக்க வருகிற வியாபாரிகள் உண்டு, அவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

7. உடைந்த சீற்று

அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் வருத்தம் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே துண்டுகளை எடுங்கள். உலர்ந்தபடி கூட்டாதீர்கள், மேலும் உடைக்காதீர்கள். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். இரட்டைப் பையில் கட்டி அடையாளம் எழுதி, எங்கே போடுவது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். ஒழுங்கைப் பள்ளம் நிரப்பவோ கோழிக்கூட்டுக்கோ இந்தத் துண்டுகளைப் பாவிக்க விடாதீர்கள்.

8. கிணறு

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில்தான். காற்றோடு பறந்த ஓலை, சீற்றுத்துண்டு, செத்த கோழி எல்லாம் கிணற்றுக்குள் கிடக்கும். மலக்குழி மூடி பறந்து, மழையில் நிரம்பி வழிந்திருந்தால் இன்னும் மோசம். சுண்ணக்கல் நிலத்துக்குள் அழுக்கு வடிபடாமலே பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும்.

மிதப்பவற்றைக் கொக்கத்தடியாலும் வாளியாலும் அள்ளுங்கள். பம்பி வைத்து அடி காணும் வரை இறைக்கிற யோசனையை, முக்கியமாகக் கடற்கரைப் பக்க ஊர்களில், விட்டுவிடுங்கள். நம் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல்தான் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும், பிறகு இறங்க நெடுங்காலம் எடுக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட ஒழுங்கு செய்வார். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் முன்கூட்டியே அளந்து வைத்தால் அளவு கணக்கிட அவருக்கு உதவும். அவர் சரி என்று சொல்லும் வரை கொதித்தாறிய தண்ணீரோ பௌசர்த் தண்ணீரோதான் குடிக்க.

9. காசும் சாமானும்

செலவு எதில் போகும் என்று முன்பே தெரிந்திருங்கள்: தறப்பாள், ஆணி, சலாகை, செயின்சோவுக்குப் பெற்றோல், எண்ணெய், மாற்றுச் சங்கிலி, லாண்ட்மாஸ்ரர் (சிறு உழவு இயந்திரம்) அல்லது பட்டா (சின்ன லொறி) வாடகை, தச்சருக்கும் மேசனுக்கும் நாட்கூலி, போட்டோக்கொப்பி, தொண்டர்களின் சாப்பாடும் தேத்தண்ணியும். இதில் கட்டாயம் காசு கொடுக்கவேண்டியது கூரைத் தச்சருக்கு. காற்றடித்த வாரம் கூலி ஏறிவிடும். வீடு வீடாகப் பேசாமல், சங்கத்தின் பெயரில் எல்லா வீட்டுக்கும் ஒரே கூலி பேசித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாகன வாடகையை நாளுக்குப் பேசாமல் லோட்டுக்குப் பேசுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் அன்றிரவே காசு அனுப்பக் கேட்பார்கள். யாருடைய தனிப்பட்ட கணக்குக்கும் வேண்டாம். பதிவுள்ள சங்கத்தின், இரண்டு பேர் கையெழுத்திடும் கணக்குக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். வரவு செலவை வாரத்துக்கு ஒருமுறை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். ஊரில் சண்டை வருவது பெரும்பாலும் காசு குறைந்ததால் வராது. கணக்குத் தெரியாததால் வரும்.

பழைய உடுப்பு வேண்டாம் என்று முதல் அறிவித்தலிலேயே போட்டுவிடுங்கள். பிரித்து அடுக்கவே நாலு பேர் வேண்டும், கடைசியில் குப்பைக்குப் போகும். கேட்கவேண்டியவை: ரோச்லைற், நுளம்புவலை, பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பி, வயதானவர்களின் மருந்து. கிளினிக் கொப்பி தொலைந்த வயதானவர்களைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியே இருக்கிறவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் போடுகிற குளிசை இரண்டு நாள் தவறினாலே சிலருக்கு ஆபத்து.

10. உங்கள் உடம்பு

தடித்த அடியுள்ள சப்பாத்து, கையுறை, முழுக்கால் உடுப்பு. செருப்போடு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள், ஆணி ஏறாத நாளே இருக்காது. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் காயம் பட்ட அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வெள்ளத் தண்ணீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்யப்போகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்பே கேளுங்கள். 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. காய்ச்சல், தசைநோ, கண்சிவப்பு ஏதும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். சேற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

11. பெயர் விடுபட்டால்

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பட்டியலை நேரில் போய்ப் பாருங்கள். தொண்டர் கூட்டம் கரைந்துபோவதும் அந்த நேரத்தில்தான், பெயர்கள் விடுபட்டது தெரியவருவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே இரண்டு பேரையாவது இதற்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். விடுபட்டவருக்காகப் பிரதேச செயலாளருக்குத் தமிழிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: பெயர், முகவரி, பிரிவுக் குறியீடு, முதலில் பதிந்த திகதி, சேதம், இணைத்த படங்களின் எண்ணிக்கை. திகதி முத்திரை இட்ட பழைய பிரதியின் போட்டோக்கொப்பியைப் பின்னால் இணையுங்கள். கொண்டுபோய்க் கொடுப்பதோடு பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்பலாம்.

பதிலே இல்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். சேதம் எவ்வாறு மதிப்பிடப்பட்டது, எந்தக் காரணத்தால் பெயர் நீக்கப்பட்டது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் ஊரில் இப்படி எழுதிக் கேட்ட பிறகு மறுமதிப்பீட்டுக்கு ஆள் வந்தது. வளவு மூலையில் குவித்து வைத்திருந்த உடைந்த ஓடுகளை எண்ணிப் பார்த்துத்தான் அவர் மதிப்பை எழுதிக்கொண்டு போனார்.